உப்புக்காற்று வைத்தியம்

சோணையம்மாளுக்கு டைபாய்டு வந்து போனதில் ஊருக்கு ஒரு புதுச் செய்தி கிடைத்தது. அவளும் படுப்பாள் என்பதுதான் அது. உத்தரகோசமங்கைக்குக் கிழக்கே இருந்த அந்தக் கண்மாய்க்கரை ஊருக்கு அவள் வாக்கப்பட்டு வந்த நாள் முதலாக, பகலில் அவள் உட்கார்ந்திருந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே கொண்டை போடுவாள். அப்படிப்பட்டவள் மார்கழிக் கடைசியில் காய்ச்சல் கண்டு, தை முழுக்கக் கயிற்றுக் கட்டிலோடு கிடந்து, மாசியில் எழுந்து உட்கார்ந்தபோது முகம் சுருங்கி, காதுத் தோடு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எழுந்த மறுநாளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய், தொட்டிக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள்.

ராமநாதபுரத்து டாக்டர் அவளைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மருந்து எதுவும் எழுதாமல் அவள் புருசன் ராக்கப்பனிடம் சொன்னார்.

"காய்ச்சல் போயிருச்சு. இனிமே மருந்து வேலை இல்லை. ஆனா வீட்டுல இருந்தா இந்தம்மா படுக்க மாட்டாங்க. எங்கயாவது கடற்கரைப் பக்கம், இவங்க அடுப்பு இல்லாத இடமாப் பாத்துக் கொஞ்ச நாள் வச்சிருங்க. உப்புக்காத்து பட்டா உடம்பு தேறும்."

ராக்கப்பன் ஊரில் பெரிய சம்சாரி. பேச்சு குறைவு, வேலை அதிகம். விடிவதற்கு முன்னால் வயலில் நிற்பவர். களத்தில் மிளகாய் காய்கிற நேரத்தில் கடற்கரைக்குப் போவதாவது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார் என்றுதான் சோணையம்மாள் நினைத்தாள். வண்டி பாதி வழி வந்த பிறகு அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாம்பனுக்குப் போவோம். மதார் மச்சான் வருசா வருசம் கூப்புடுறாருல்ல."

"களத்துல மிளகாய் கெடக்கே."

"தம்பி பாத்துக்கிருவான்."

தம்பி மருதுபாண்டி பொறுப்பானவன்தான். ஆனாலும் புறப்பட்ட அன்று ராக்கப்பன் களத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிற தாய்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

மதார் பாம்பனில் சாப்பாட்டுக் கடை நடத்தினார். கோடைதோறும் குண்டு மிளகாய் வாங்க நேராக ராக்கப்பன் களத்துக்கே வருவார். வாங்கிய மிளகாயை விடப் பேசிய பேச்சு அதிகமாக இருக்கும். ராக்கப்பனை மச்சான் என்பார், சோணையம்மாளைத் தங்கச்சி என்பார். 'ஒரு தடவ வந்து எங்க வீட்டு மீனத் தின்னு பாருங்க' என்று சொல்லாமல் ஒரு வருசமும் வண்டி ஏறியதில்லை.

மண்டபம் தாண்டி ரயில் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. சன்னலுக்கு வெளியே வெறும் தண்ணீர். ரயில் தண்ணீர் மேலேயே ஊர்ந்து போவதுபோல் இருந்தது.

"கீழ பாக்காத, தலை சுத்தும்" என்றார் ராக்கப்பன்.

சோணையம்மாள் பார்த்தாள். கண்ணாடி மாதிரிப் பச்சைத் தண்ணீருக்குள் பாறைகள் தெரிந்தன, அதற்கு மேல் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. ஆச்சரியத்தைச் சொல்லலாம் என்று புருசன் பக்கம் திரும்பினாள். அவர் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதாரின் கடை, ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் வடகடலை ஒட்டி இருந்தது. முன்பு அந்தக் கட்டடத்தில் கள்ளுக்கடை இருந்ததாம். மதுவிலக்கு வந்து அதை மூடியதும் மதார் வாங்கிச் சுண்ணாம்படித்து, பெஞ்சுகள் போட்டு, சாப்பாட்டுக் கடை ஆக்கிவிட்டார். பின்னால் ஓலைக் கூரை போட்ட மூன்று அறைகள். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், மீன் வியாபாரிகள், இலங்கைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் என்று யாராவது தங்குவார்கள். அதற்கும் பின்னால் கிணறு, ஆட்டுப் பட்டி, நாலைந்து தென்னை. பிறகு மணல், பிறகு கடல். கள்ளு ஊற்றி வைத்திருந்த பெரிய மண்பானைகளில் இப்போது பதநீரும் நன்னாரி சர்பத்தும் இருந்தன. 'குடிகாரன் வந்தாலும் குடிச்சிட்டுத்தான் போவான், ஆனா நேரா நடந்து போவான்' என்று மதார் சொல்லிச் சிரிப்பார்.

சமையல் எல்லாம் மதாரின் மனைவி ரம்ஜான் பீவி. கட்டையான, குரல் கணீரென்ற பெண். அவர்களுடைய மகள் லத்தீபா பரிமாறுவாள். லத்தீபாவின் புருசன் கொழும்பில் இருந்தான். அவள் தாய் வீட்டோடு இருந்து கடையைப் பார்த்துக்கொண்டாள்.

"வாங்க மதினி!" என்று ரம்ஜான் பீவி சோணையம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அல்லாவே, என்ன இப்படி எலும்பாப் போயிட்டீக? இந்தக் கையில வளையல் நிக்குமா? இங்கன ஒரு சட்டம் இருக்கு, கேட்டுக்கங்க. அடுப்படிப் பக்கம் உங்க காலு வரக்கூடாது. வந்துச்சு, நான் சமைக்க மாட்டேன். வெளியில இருக்கிற ஆளுக பூராம் உங்க பேரச் சொல்லிப் பட்டினி கெடக்கட்டும்."

சோணையம்மாள் சிரித்துவிட்டுச் சரி என்றாள். ஆனால் கை கேட்க வேண்டுமே. சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவ எடுத்தாள். லத்தீபா பிடுங்கிக்கொண்டாள். அறையில் மணல் கிடந்தது என்று விளக்குமாற்றைத் தேடினாள். விளக்குமாறு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. கிணற்றடியில் கிடந்த சேலையைத் துவைக்கப் போனாள். சேலை ஏற்கெனவே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமி, இங்க கெடக்கிற மணல எத்தன நாளைக்குக் கூட்டுவீங்க? கூட்டக் கூட்டக் கடலு கொண்டாந்து போட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள் லத்தீபா.

மத்தியானம் தேங்காய்ப்பால் ஊற்றிய விளமீன் ஆணம். குழம்பைத்தான் அவர்கள் ஆணம் என்றார்கள். சோறு தும்பைப் பூவாக இருந்தது. நோயில் ருசியை மறந்துபோயிருந்த சோணையம்மாளின் நாக்கு, முதல் கவளத்திலேயே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தது. இரண்டாவது தடவை சோறு கேட்டாள். தானாகக் கேட்டுச் சாப்பிட்டது அவளுக்கு நினைவு தெரிந்து அன்றுதான். யாரோ சமைத்து, யாரோ போட்டு, யாரோ எடுத்துக்கொண்டு போன சாப்பாட்டுக்கு இப்படி ஒரு ருசி உண்டென்று அவளுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

சாப்பிட்டவள் காற்று வருகிறதே என்று தென்னை நிழலில் போட்டிருந்த கட்டிலில் சும்மா சாய்ந்தாள். கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பதறி எழுந்து, "ஐயையோ, மாடு!" என்றாள். கிணற்றடியில் இருந்த ரம்ஜான் பீவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாடு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு மதினி. நீங்க கூப்புட்டாலும் கேக்காது. படுங்க."

சோணையம்மாளுக்கு இப்படி என்றால் ராக்கப்பன் கதை வேறு. அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. விடியற்காலையில் எழுந்து கரையில் ஒரு நடை நடந்தார். கடல் அவருடைய வயல் இல்லை. வரப்பு இல்லை, மடை இல்லை, களை எடுக்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார். உருளை கிறீச்சிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் உருளை கழன்று துண்டு துண்டாகச் சாக்கின் மேல் கிடந்தது. அச்சு தேய்ந்திருக்கிறது, புதிது செய்ய வேண்டும் என்றார். பாம்பனில் அதற்கு ஆசாரி கிடைக்கவில்லை. ஆசாரி மண்டபத்திலிருந்து வந்து மாட்டும்வரை ஒரு குடும்பமும் ஒரு சாப்பாட்டுக் கடையும் கையால் கயிறு இழுத்துத் தண்ணீர் எடுத்தன.

"மச்சான் நல்லதத்தான் செஞ்சிருக்காரு" என்று மதார் சோணையம்மாளிடம் உள்ளங்கையைக் காட்டினார். சிவந்து போயிருந்தது. "எனக்கும் கை கொஞ்சம் இறுகட்டும்."

அடுத்தது சமையலறை அரிவாள்மனை. அவர் சாணை பிடித்ததில் லத்தீபா இரண்டு விரலில் துணி சுற்றிக்கொண்டு பரிமாறினாள். அதற்கடுத்து மீன்பிடிக்கிறவர்களிடம் போய், வலையை இப்படி மடித்து வைத்தால் மக்கிப்போகாதா என்று கேட்டு வந்தார். அவர்கள் மரியாதையாகச் சிரித்து வைத்தார்கள்.

"செத்த சும்மா இருக்கக் கூடாதா?" என்று சோணையம்மாள் கேட்டாள். "நம்மள ஓய்வெடுக்கத்தான அனுப்புனாக."

"உன்னையத்தான் அனுப்புனாக" என்றார் அவர். "எனக்கென்ன நோவு?"

பிறகு ஆட்டுப் பட்டிக்கு வந்தார். வேலி முள் தளர்ந்து கிடந்தது. இதை முழுக்கப் பிரித்து, குச்சிகளை ஆழமாக நட்டு, முறுக்கிக் கட்டினால் பத்து வருசம் தாங்கும் என்று கணக்குப் போட்டார். காலையில் பிரித்தார். பாதி வேலையில் பனைநார் தீர்ந்தது. மதாரிடம் கேட்டு வாங்கி வர முன்பக்கம் போனார்.

அன்றைக்கு மதுரை மீன் வியாபாரிகள் ஒரு கூட்டமாக வந்து இறங்கியிருந்தார்கள். லத்தீபா வரிசையாக இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் வைத்துவிட்டுச் சோறு எடுக்க உள்ளே போயிருந்தாள். அவர்கள் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது இலைகளுக்கு முன்னால் பந்தி அமர்ந்திருந்தது. எல்லாம் ஆடுகள். பெரிய கிடா ஒன்று தலைமாட்டு இலையைப் பாதி முடித்திருந்தது. ஒரு குட்டி பெஞ்சின் மேல் ஏறி நின்று, அடுத்த இலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"யா அல்லா!" என்று ரம்ஜான் பீவி அகப்பையோடு ஓடி வந்தாள். ஆடுகள் நாலா பக்கமும் பாய்ந்தன. ஒன்று பதநீர்ப் பானையைத் தட்டிவிட்டது. மதார் துரத்தத்தான் எழுந்தார், ஆனால் சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வியாபாரிகளில் ஒருவர் மிக நிதானமாகச் சொன்னார்.

"பாய், அவங்க சாப்பிட்டு எந்திரிக்கட்டும். அவசரம் இல்ல. மிச்சம் இருந்தா எங்களுக்குப் போடுங்க."

கடை அதிர்ந்தது. வாசலில் கையில் பனைநாரோடு ராக்கப்பன் நின்றார். சிரிக்காத ஒரே ஆள் அவர்தான். பக்கவாட்டு வாசல் வழியாக எட்டிப் பார்த்த சோணையம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பட்டியை முறையாகக் கட்டி முடித்து, கை கால் கழுவி வந்து அறை வாசலில் நின்றார்.

"காலை ரயிலுக்கு நான் போறேன். நீ உடம்பு தேறுற வரைக்கும் இரு. பெறகு வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"சரி" என்றாள் சோணையம்மாள்.

அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சொன்னவளுக்கும் மனம் நேராக இல்லை. அவளுக்குள் ஒரு சின்ன முள் தைத்திருந்தது. காய்ச்சலில் கிடந்த நாட்களில் அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததாக அவளுக்கு நினைவில்லை. கொழுந்தன் பெண்டாட்டி கஞ்சி கொடுத்தாள். அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்தார்கள். அவர் வயலில் இருந்தார். ஆள் வேலைக்காரர்தான், அதில் குறை இல்லை. ஆனால் செத்துப் பிழைத்தவளுக்கு வயலைப் பார்த்துப் பொறாமைப்படத் தோன்றுமா, தோன்றாதா?

காலையில் அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "மருந்த நேரத்துக்குக் குடி" என்றார். மருந்து ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். "பாத்துப் போங்க" என்றாள்.

அவர் தலை மறைந்ததும் ரம்ஜான் பீவி அடுப்பை மகளிடம்கூட விடாமல் அப்படியே அணைத்துவிட்டு வந்தாள்.

"ரயிலு போற வரைக்கும் சோத்துக்கு ஆளு வராது. வாங்க மதினி, கடலுக்குப் போவோம். இத்தன நாளா அதப் பாத்துக்கிட்டே இருக்கீக, அது உங்களத் தொடவே இல்லையே."

"ராமேஸ்வரத்துல தீர்த்தமாடியிருக்கேன்."

"அது புண்ணியத்துக்கு. இது சும்மா."

கடையின் பின்பக்கத்தில், இழுத்துப்போட்ட தோணிகளுக்கு அப்பால், பெண்கள் மட்டும் குளிக்கிற ஒரு வளைவு இருந்தது. தண்ணீர் இடுப்பளவுதான். பங்குனிக் கடல் கண்மாய் போல் படுத்துக் கிடந்தது. லத்தீபா அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். முதலில் குளிர்ந்தது. பிறகு இதமாக இருந்தது. காலுக்கடியில் மணல் நகர்ந்தது.

"உக்காருங்க மாமி."

"தண்ணிக்குள்ளயா?"

"ஆமா. நாற்காலி மாதிரி நெனச்சுக்கிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தாள். கடல் அவளைக் கீழே விடவில்லை. மெலிந்த உடம்பைத் தூக்கி, லேசாக ஆட்டி, மறுபடி மணலில் வைத்தது. சேலை குடைபோல் விரிந்து மிதந்தது. அதை அமுக்கப் போனாள், அது மறுபக்கம் எழும்பியது. அதை அமுக்கினாள், அவளே புரண்டாள். ரம்ஜான் பீவி பிடிக்க வந்து அவளும் விழுந்தாள். மூவரும் உப்புத் தண்ணீரைக் குடித்துத் துப்பினார்கள். சோணையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றின் அடியிலிருந்து, நிறுத்த முடியாமல் வந்தது. சிரித்ததில் மூச்சு வாங்கியது, மூச்சு வாங்கியதற்கும் சிரித்தாள். அவிழ்ந்த கூந்தல் முகமெல்லாம் ஒட்டிக்கொண்டது.

"அங்க பாருங்க மாமி!" என்று லத்தீபா கையை நீட்டினாள்.

தூரத்தில் ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, இரண்டு கைகளாக வானத்தைப் பார்த்து எழும்பிக்கொண்டிருந்தது. பாய்மரத் தோணிகள் சில அதற்குக் கீழே வரிசையாகக் காத்திருந்தன.

"பாலத்தத் தூக்கிட்டாங்க. தோணிக எல்லாம் போயி, மறுபடி இறக்குற வரைக்கும் ரயிலு ஸ்டேஷன விட்டு நகராது."

சோணையம்மாள் புருசனை நினைத்தாள். வெந்துகொண்டிருக்கும் பெட்டியில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்துகொண்டிருப்பார். எஞ்சினைக்கூடக் கழற்றிப் பார்க்கக் கேட்டிருப்பார். அந்த நினைப்பில் மறுபடி சிரிப்பு பொங்கியது.

குளித்துக் கரையேறி, உலர்ந்த சேலை மாற்றி, ஈரக் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு தோணிகளைத் தாண்டி வந்தாள். ரம்ஜான் பீவி ஏதோ சொல்ல, இன்னும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். தென்னைக்கு அடியில் மஞ்சள் பையோடு ராக்கப்பன் நின்றார். அவளைப் பார்த்தபடி நின்றார். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்திருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

"ரயிலு போகல" என்றார்.

"தெரியும். பாத்தோம்."

"எப்பப் போகும்னு தெரியலயாம்." மணலைப் பார்த்தார். "இன்னைக்கு நண்டுன்னு மச்சான் சொன்னாரு. அதான், அதுக்குள்ள ஒரு வாயி தின்னுட்டுப் போயிருவோம்னு."

ரம்ஜான் பீவி சேலை நுனியை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

நண்டு வந்தது. மிளகும் பூண்டும் போட்டுச் சுருள வதக்கியது. ராக்கப்பன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார், சோணையம்மாள் எதிரில். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் ஒரு காலை உடைத்தார், சதையை நிதானமாக எடுத்தார். அப்போது ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஊதியது.

மதார் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "மச்சான், பாலத்த இறக்கிட்டாங்க. இப்ப ஓடுனாக்கூடப் புடிச்சிரலாம்."

ராக்கப்பன் இன்னொரு காலை உடைத்தார்.

ரயில் மறுபடி ஊதியது.

"ஏங்க, கூவுதுல்ல" என்றாள் சோணையம்மாள்.

"கூவட்டும். நண்ட அவசரமாத் திங்க முடியுமா? ஓடு குத்திரும்."

மூன்றாவது ஊதலுக்கு அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சக்கரச் சத்தம் மெல்லக் கிளம்பி, பாலத்தில் ஏறி, கனத்து, பிறகு தேய்ந்து போனது. மதார் சட்டியிலிருந்த பெரிய நண்டை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

சாயங்காலம் இருவரும் மணலில் போய் உட்கார்ந்தார்கள். வெயில் தணிந்து, தண்ணீர் செம்பு நிறத்தில் இருந்தது. பக்கத்தில் ஒருவர்கூட இல்லை. ஊரில் இப்படி இருவரும் தனியாக உட்கார்ந்ததே இல்லை என்பது சோணையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. எதைப் பேசுவது என்றே தெரியவில்லை. அவர்தான் தொடங்கினார்.

"நீ சிரிச்சத ஸ்டேஷனுக்குப் போற பாதையில இருந்தே கேட்டேன். ரயில விட்டு இறங்கிச் சும்மா நடந்துக்கிட்டு இருந்தேன். யாரோன்னு நெனச்சேன். பெறகுதான் உன் குரலுன்னு தெரிஞ்சது."

அவள் கால்விரலால் மணலைக் கிளறினாள்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப என்னைய யாருன்னு கேட்ட, ஞாபகம் இருக்கா?"

"நானா?"

"ஆமா. உனக்குக் காய்ச்சல் உச்சத்துல இருந்துச்சு. நான்தான் கஞ்சி எடுத்துக்கிட்டு உள்ள வந்தேன். என் மொகத்தப் பாத்து, 'யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரரு வார நேரம். பாத்தாருன்னா வைவாரு. வெளிய போங்க'ன்ன."

சோணையம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"நானும் வெளிய போயிட்டேன்" என்றார் ராக்கப்பன். "பெறகு உள்ள வரக் கால் வரல. இன்னொரு தடவ கேட்டுட்டா என்ன செய்யிறது? வயலுக்குப் போயி மண்ண வெட்டுனேன். வேலை இல்லாத எடத்துலயும் வெட்டுனேன். சும்மா உக்காந்தா அந்தப் பேச்சு காதுல கேக்குது. இங்கனயும் அதான். உன்னைய உக்கார வச்சிட்டு நான் எதுக்க உக்காந்தா, அந்த மொகந்தான் வருது."

அலை ஒன்று வந்து அவர்கள் காலைத் தொட்டுவிட்டுப் போனது. சோணையம்மாளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அழுகைக்கு நடுவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. அவளால் என்ன செய்ய முடியும், அவர் சொன்ன கதை அப்படி.

"கிறுக்குப் புடிச்ச காய்ச்சல்லயும் உங்க பேச்சத்தான பேசியிருக்கேன்" என்றாள். "அந்த நேரத்துலயும் நீங்க வைவீகன்னு பயந்து கெடந்திருக்கேன் பாருங்க. வையாத வீட்டுக்காரரா இருந்திருந்தா, வாங்க, உக்காருங்கன்னு சொல்லியிருப்பேன்ல?"

ராக்கப்பன் அவளைப் பார்த்தார். முகம் முதலில் ஒன்றும் புரியாமல் நின்றது. பிறகு கன்னம் லேசாக நடுங்கியது. அவர் சிரித்தார். பழக்கமில்லாத சிரிப்பு, கிணற்று உருளை மாதிரிக் கிறீச்சிட்டுத்தான் வந்தது. ஆனாலும் வந்துவிட்டது.

"அம்புட்டு வையிறேனா நானு?"

"இனிமே வஞ்சா யாருங்க நீங்கன்னு கேப்பேன்."

அதற்கப்புறம் மதார் கடையில் எதுவும் கழற்றப்படவில்லை. ராக்கப்பனுக்கு ஓய்வெடுக்க வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் புதிதாக ஒரு தொழிலைப் பழகுகிறவரைப்போல அதில் இறங்கினார். காலையில் பெண்கள் குளித்துத் திரும்பிய பிறகு, பெண்டாட்டியை மட்டும் கரையில் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் இறங்குவார். உட்காரச் சொல்லி அவள் சொல்லிக்கொடுத்தாள். பனைத்தூண் போன்ற மனுசர் அலைக்குள் உட்கார்ந்து, கவிழ்ந்து, மூக்கில் தண்ணீர் ஏறி எழுந்து நின்று, 'இன்னொரு தடவ' என்பார். மத்தியானம் என்ன மீன் என்று விடியும்போதே விசாரித்து வைத்துக்கொள்வார். சாப்பிட்டுவிட்டுத் தென்னையடியில் படுத்தால், பக்கத்தில் மதார் பேசுகிற பேச்சுக்கு உம் கொட்டுவார். மூன்றாவது உம்முக்குள் குறட்டை வரும்.

சோணையம்மாளின் கையில் வளையல் நின்றது. ரம்ஜான் பீவி தினமும் அதைத் திருகிப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இன்னும் ஒரு சட்டி ஆணம், அப்புறம் கழட்டவே முடியாது" என்பாள். எப்போதாவது பொழுது போகாத நேரத்தில் வட்டிலப்பம் என்கிற இனிப்பை எப்படிச் செய்வது என்று வாசலுக்கு வெளியே நின்றபடி கேட்பாள் சோணையம்மாள். உள்ளே இருந்தபடி ரம்ஜான் பீவி சொல்லுவாள். அந்தச் சட்டத்தை மட்டும் கடைசிவரை தளர்த்தவில்லை.

ஊருக்குத் திரும்பலாம் என்று பேச்செடுக்கும் நேரத்தில் மதார் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"மச்சான், சொல்லவே வாய் வரல. திருச்சியில இருந்து ரயில்வே ஆபீசர் ஒருத்தரு குடும்பத்தோட வாராரு. போன வருசமே சொல்லி வச்சது. மூணு ரூமும் அவுகளுக்கு வேணும். உங்களப் போகச் சொல்ல மனசு இல்ல. ஆனா..."

சோணையம்மாள் உடனே, "அதுக்கென்னண்ணே, நாங்க இருந்தது போதும். களத்துல மிளகாயும் காஞ்சிருக்கும்" என்று எழுந்தாள்.

ராக்கப்பன் எழவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கரையில அந்த வலை போட்டு வைக்கிற கொட்டகையில ஆளு இருக்காகளா?"

மதாருக்குப் புரியவில்லை. "இல்ல மச்சான். வலைதான் கெடக்கு. மீன் வாடை அடிக்கும்."

"ஒரு கட்டில் கொள்ளும்ல?"

அப்படித்தான் அவர்கள் வலைக் கொட்டகைக்குக் குடிபோனார்கள். மூன்று பக்கம் ஓலை, ஒரு பக்கம் திறந்த கடல். மேலே விட்டத்தில் வலைகள் தொங்கின. மீன் வாடை முதல் நாள் தெரிந்தது, மறுநாள் தெரியவில்லை. ஆபீசர் வீட்டம்மா ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் உலாவ வந்து, இவர்களைப் பார்த்து, எங்களுக்கு இந்த இடம் கிடைக்கவில்லையே என்று மதாரிடம் குறைப்பட்டுக்கொண்டாளாம். காற்று வேண்டிய மட்டும் வந்தது. சோணையம்மாளுக்கு நடக்க நடக்கக் கால் பலப்பட்டது. கரையோரமாகவே பாலம் வரை போய், வருகிற ரயிலைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வருவாள். ராக்கப்பன் கொஞ்ச தூரம் கூட வந்துவிட்டு, ஒரு தோணி நிழலில் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு காலையில் லத்தீபா இரண்டு கிளாசில் டீ கொண்டு வந்தாள். சூரியன் நன்றாக மேலே ஏறிவிட்டிருந்தது. ராக்கப்பன் வாயைத் திறந்து, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, ஊரில் எவரும் நம்பவே மாட்டாத தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமாவ எழுப்பவா, மாமி? டீ ஆறிப்போகும்."

"வச்சிட்டுப் போத்தா. தூங்கட்டும்" என்று சோணையம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

அவள் காலை நீட்டி மணலில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி தன் டீயைக் குடித்தாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். குறட்டை நின்றபாடில்லை. ஆறிப்போனால் யாருக்கு ஆகும் என்று அவருடைய கிளாசையும் எடுத்துக் குடித்தாள்.